சிற்பத் தோட்டத்துக்கு ஒரு முற்பகல் கொடுங்கள்: எல்லைப்புறப் பள்ளி ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

செங்கோட்டை, புளியரை, தென்காசி, ஆரியங்காவு வட்டாரப் பள்ளிகளில் சுற்றுலாப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒருநாள் சுற்றுலாவுக்கான பேச்சு எழும். நம் பக்கத்தில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் மாறுவதில்லை: பாலருவி, பதின்மூன்று கண் பாலம், தென்மலை அணை, மான்கள், மாலையில் குற்றாலம். இவற்றுக்கு நடுவே கேரளத்துத் தென்மலைச் சூழல் சுற்றுலா வளாகத்தின் சிற்பத் தோட்டம், பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கால்மணி நேரத்தில் கடந்துவிடும் இடமாகச் சுருங்கிவிட்டது. இந்த ஆண்டு அதற்கு ஒரு முற்பகல் முழுவதையும் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர, இதைக் கேட்பதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

நம் பிள்ளைகளுக்குச் சிற்பம் புதிதன்று. ஆனால் அவர்கள் பார்த்து வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை முன்பக்கம் மட்டுமே நமக்குக் காட்டுபவை. கருவறைத் திருமேனியின் முதுகை யாரும் பார்ப்பதில்லை. தூண் சிற்பத்துக்குப் பின்னால் தூண்தான் இருக்கிறது. மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள சிதறால் மலையில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்களைப் பாறை முகத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள். சிங்கத்தோடும் குழந்தைகளோடும் நிற்கும் அம்பிகைக்குப் பின்னால் இருப்பது மலை. காட்டுக்குள் தனித்து நிற்கும் உருவம் அப்படிப்பட்டதன்று. அதைச் சுற்றி வரவேண்டும். நான்கு அடி நகர்ந்ததும் முகம் மறைந்து தோள் பெரிதாகிறது; இன்னும் நகர்ந்தால் கைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் பின்னாலிருக்கும் மரம் தெரிகிறது. மனிதனுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவையே பொருளாகக் கொண்ட ஒரு தோட்டத்தில், அந்த இடைவெளியில் தெரியும் மரமும் சிற்பத்தின் ஒரு பகுதிதான் என்பதை, நாம் எதுவும் சொல்லாமலேயே பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

“இது என்ன சாமி?” என்று சிறு பிள்ளைகள் கேட்பார்கள். தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். உருவத்தைக் கண்டால் நின்று வணங்கப் பழகிய பிள்ளையின் நேர்மையான கேள்வி அது. சாமி இல்லாத ஓர் உருவத்தை எதற்காகச் செய்கிறார்கள் என்ற பேச்சை அங்கிருந்துதான் தொடங்க முடியும். மேல் வகுப்புப் பிள்ளைகளாக இருந்தால், கேரளச் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் பாலக்காட்டுக்கு அருகிலுள்ள மலம்புழை அணைத் தோட்டத்தில் அமைத்த முப்பது அடி யட்சியைப் பற்றிச் சொல்லுங்கள். ஆடையின்றி, கால்களை அகற்றி, மலைகளை நோக்கி அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணுருவம் முதலில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. இன்று மலம்புழை என்றதுமே நினைவுக்கு வருவது அதுதான். வெட்டவெளியில் வைக்கப்படும் சிற்பம் ஊராரின் கோபத்தையும் அன்பையும் ஒருசேரத் தாங்கியாக வேண்டும் என்பது வளரும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டிய செய்தி.

காட்டுக்குள் நிற்கும் சிற்பத்தைக் காடு சும்மா விட்டுவைப்பதில்லை. மழைக்காலம் முடிந்த பிறகு நான் அருகே நின்று பார்த்த ஓர் உருவத்தில், மழை அறையும் பக்கத்தில் தோளிலிருந்து முழங்கை வரை பச்சைப்பாசி படர்ந்திருந்தது. வெயில்படும் மறுபக்கத்தில் அதே உடம்பு உலர்ந்து, சாம்பலும் வெண்மையும் கலந்த வட்டவட்டமான லைக்கன்களைத் தாங்கியிருந்தது. மடிந்த கையின் இடுக்கில் மக்கிப்போன இலைகள் சேர்ந்திருக்க, அதற்குள் எறும்புகள் போய்வந்துகொண்டிருந்தன. பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் லைக்கனைப் பாடப்புத்தகத்துப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு, அறிவியல் ஆசிரியர் இங்கே விரலால் சுட்டிக்காட்டலாம். ஆகவே இந்தப் பயணம் ஓவிய வகுப்புக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியே ஆகவேண்டும். திறந்தவெளிச் சிற்பம் ஒன்றில், வடிவியல் பெட்டியிலிருந்து எடுத்த கவராயத்தால் ஒரு மாணவன் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறிக்கொண்டிருந்ததையும், உடனிருந்த ஆசிரியர் நேரமாகிறதென்று பேருந்துக்கு விரட்டியதையும் கண்டிருக்கிறேன். சிமென்டில் செய்யப்படும் பெரிய உருவங்களுக்குள் இரும்புக் கம்பிதான் எலும்பு. மேற்பூச்சு பெயர்ந்தாலோ விரிசல் விட்டாலோ ஈரம் உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே சிமென்டைப் பிளந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் பாயும் இந்த ஈரப் பிரதேசத்தில் இது விரைவாகவே நடக்கும். “தொடாதே” என்று அதட்டுவதைவிட, இந்தக் காரணத்தைப் புறப்படுவதற்கு முன்பே வகுப்பறையில் விளக்கிவிடுங்கள்.

ஏன் ஒரு முற்பகல் வேண்டும் என்றால், காட்டுக்குள் வெளிச்சம் இலைகளின் வழியே துண்டுதுண்டாக இறங்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒன்பதரை மணிக்கு நிழலில் இருந்த முகம் பதினொரு மணிக்குத் துலங்குகிறது. பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஆளுக்கொரு உருவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதையே இரண்டு பக்கங்களிலிருந்து இரண்டு முறை வரையச் சொல்லுங்கள். பென்சிலும் தாளும் போதும். கைபேசிகள் பைக்குள் இருக்கட்டும்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலச் சீசனோடு சேர்த்து இந்தப் பயணத்தை வைக்க வேண்டாம். அடைமழையில் தாள் நிற்காது, நடைபாதை வழுக்கும், காலில் அட்டைப்பூச்சி ஏறும். ஜனவரியே நல்லது. முடிந்தால் பேருந்தை விட்டுவிட்டுச் செங்கோட்டையிலிருந்து ரயிலில் போங்கள். 1904-இல் திறக்கப்பட்டு, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மீண்டும் முழுமையாக ஓடத் தொடங்கிய பாதை அது; குகைகளையும் பதின்மூன்று கண் பாலத்தையும் கடந்து தென்மலையிலேயே இறக்கிவிடும். செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் பக்கத்திலேயே இருப்பதால் பிற்பகலுக்கும் பஞ்சமில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களைக் குரங்குகளின் கண்ணில் படாமல் வைத்திருங்கள். நெகிழிப் பைகளை வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள்.

பயணத் திட்டத்தைத் தலைமையாசிரியரின் ஒப்புதலுக்கு அனுப்பும்போது, காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை என்ற கட்டத்தில் “சிற்பத் தோட்டம்” என்று மட்டும் எழுதுங்கள். வேறெதையும் அதற்குள் சேர்க்காதீர்கள். வரைய வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால், எந்தப் பள்ளியாக இருந்தாலும் நான் உடன் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
ஆரியங்காவு.