காய்ச்சலோடு வருகிறவரிடம் ஒரு கேள்வி: மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் ஏற்றி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்வது, ஊசி மருந்து எடுத்துக் கொடுப்பது, புண்ணில் புழு எடுப்பது, கன்று போட முடியாமல் மாடு திணறும்போது எங்கள் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கயிறு இழுப்பது, இதெல்லாம் என் வேலை. பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். காய்ச்சல் என்று வருகிறவரிடம் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேளுங்கள்.

இந்த ஒரு கேள்வி இல்லாமல் நான் மூன்று மாதம் படுத்துக் கிடந்தேன்.

மாடுகளுக்கு வரும் கன்று வீச்சு நோயை நீங்கள் புரூசெல்லோசிஸ் என்று படித்திருப்பீர்கள். ஏழு, எட்டு மாதச் சினையில் மாடு கன்றை வீசிவிடும், அதாவது கரு கலைந்து விழுந்துவிடும். இதைத் தடுக்க, 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரு தடவை ஊசி போடுகிறோம். எஸ் 19 என்ற அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. வீரியம் குறைத்ததுதான். ஆனால் நம் கையில் குத்திவிட்டாலோ கண்ணில் தெறித்தாலோ நமக்கு அந்த நோயையே கொடுத்துவிடும்.

அன்றைக்கு அந்தத் தெருவில் அது பதினோராவது கன்று. ஆறு மாதக் கிடேரி, நல்ல துள்ளல். வீட்டுக்கார அம்மா கயிற்றைப் பிடித்திருந்தார். நான் கழுத்துத் தோலை இடது கையால் கிள்ளித் தூக்கி ஊசியை ஏற்றும்போது தலையைச் சிலுப்பியது. ஊசி தோலுக்கு அந்தப் பக்கமாக வந்து என் பெருவிரலில் ஏறிவிட்டது. கையுறை போட்டிருந்தேன், ஊசிக்கு அது எம்மாத்திரம்? ஒரு சொட்டு ரத்தம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மீதிக் கன்றுகளைப் பார்க்கப் போய்விட்டேன். அது என் தப்பு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. காலையில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் குளிர் எடுக்கும். ராத்திரி வேர்த்து பனியன், தலையணை உறை எல்லாம் நனைந்துவிடும். இடுப்பும் முட்டியும் கழன்றுவிழுகிற மாதிரி வலி. முதலில் போன இடத்தில் விடால் டெஸ்ட் பார்த்து டைபாய்டு என்றார்கள். மருந்துக்குக் கொஞ்சம் அடங்கி, பத்து நாளில் திரும்பியது. அடுத்த இடத்தில் டெங்கு, மலேரியா பார்த்தார்கள். அப்புறம் எடை ஏழு கிலோ இறங்கியதால், காசநோயாக இருக்குமோ என்று சளி எடுத்தார்கள். எல்லோரும் அக்கறையாகத்தான் பார்த்தார்கள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, குடிப்பீங்களா, ஊருக்கு எங்கேயாவது போனீங்களா என்றெல்லாம் கேட்டார்கள். என்ன வேலை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. விரலில் பட்ட குத்து எப்போதோ ஆறி மறந்துபோயிருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தவர் எங்கள் கால்நடை டாக்டர். என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை என்று கேட்டதுமே, "அந்தக் கிடேரிக்குப் போடும்போது கையில ஏறுச்சே, அதைச் சொன்னீங்களா?" என்றார். அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம் சாப்பிட்டேன், எழுந்துவிட்டேன். மூன்று மாதம் தேடிய நோய்க்கு எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற மாத்திரைதான் வைத்தியம். 1700ஆம் ஆண்டிலேயே ராமாசினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு "என்ன தொழில்?" என்பதையும் கேட்கச் சொன்னார் என்பதையும் எங்கள் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்த நோய் என்று சந்தேகப்பட்டு ரத்தத்தைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினால், சந்தேகத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். கிருமி மெதுவாக வளர்வது. லேப்பில் கூடுதல் நாள் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், அங்கே வேலை பார்ப்பவருக்கு மூச்சு வழியாகவே தொற்றிக்கொள்ளும். ஊசியிலிருந்து எனக்கு வந்தது என் ரத்தத்திலிருந்து அவருக்குப் போகக் கூடாது.

வெறிநோயிலும் (ரேபிஸ்) இதே சிக்கல் உண்டு. எச்சில் ஒழுக, தீனி எடுக்காமல், அடித்தொண்டையில் கத்திக்கொண்டு ஒரு மாடு வரும். "தொண்டையில மாங்கொட்டை ஏதோ மாட்டிக்கிச்சு" என்பார் ஓட்டிவந்தவர். வீட்டிலேயே வாய்க்குள் கைவிட்டுத் துழாவியிருப்பார். நாய் கடித்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாடு சில நாளில் செத்துப்போகும். அப்புறம் அவரும் நாங்களும் தடுப்பூசிக்கு வந்தால், "கடிச்சுதா?" என்று கேட்டு, இல்லை என்றதும் திருப்பி அனுப்பிய இடங்கள் உண்டு. கயிறு அறுத்த கீறலிலும் நகக்கண் வெடிப்பிலும் எச்சில் பட்டால் அதைக் கடியைப் போலவே கருத வேண்டும் என்று உங்கள் வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது. எங்களில் முன்கூட்டியே முழுதாக ஊசி போட்டுக்கொண்டவருக்கு முதல் நாளும் அதிலிருந்து மூன்று நாள் கழித்தும் போட்டால் போதும், உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி வேண்டியதில்லை. போடாதவருக்கு முழுச் சுற்றும் வேண்டும். யார் எந்த ரகம் என்பது கேட்டால்தானே தெரியும்?

எங்களைப் போல வேலைக்குப் பெயர் இருப்பவர்களாவது கேட்டால் சொல்லிவிடுவோம். அன்றைக்குக் கயிறு பிடித்த அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். மாடு கன்று வீசினால் அதையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளிப் புதைப்பது அவர்தான். தொழில் என்ன என்று கேட்டால், "வீட்டுலதான் சும்மா இருக்கேன்" என்பார். அவரிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: "வீட்டுல ஆடு மாடு இருக்காம்மா? ஏதாச்சும் கன்று வீசுச்சா?"

இப்படிக்கு,
கால்நடை மருந்தக உதவியாளர் ஒருவர்