பாட்டில் லேபுக்கு வருவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ லக்னோவிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய தீசிஸ் புரோட்டோகால் (ஆராய்ச்சித் திட்டம்) கிடைத்தது. போனில் படித்தால் கண் எரிகிறது என்று டி.எச். ரோடு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, சிவப்பு பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். டியூட்டி நடுவில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஐ.சி.யூ. நோயாளிகளின் ரத்தத்தில் என்ன கிருமி வருகிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை. நல்ல தலைப்பு. கணக்குப் பக்கத்தை உன் கைடு பார்த்துக்கொள்வார், அதில் நான் மூக்கை நுழைக்க முடியாது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. உன் ஆராய்ச்சி லேப் வாசலில் ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் இருக்கிற கிருமியை வளர்க்கிற கல்ச்சர் பாட்டில் வந்தது, மெஷினில் வைத்தோம், பாசிட்டிவ் காட்டியது, பிளேட்டில் போட்டு வளர்த்தோம் என்று போகிறது. அந்தப் பாட்டிலை யார் நிரப்பினார்கள், எங்கிருந்து எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. என்னைக் கேட்டால், உன் அட்டவணையில் வரப்போகிற எண்களில் பாதி கட்டில் பக்கத்திலேயே முடிவாகிவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை வார்டில் போய் நின்று பார். நோயாளிக்குக் குளிர்காய்ச்சல், உடம்பு தூக்கிப் போடுகிறது. ஹவுஸ் சர்ஜன் பையனுக்கு அன்றைக்கு அது எத்தனையாவது நரம்போ. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, அது காய்வதற்குள் ஊசி. நரம்பு நழுவினால் துடைத்த இடத்தையே மறுபடி விரலால் தடவிப் பார்ப்பான். ரத்தம் கொஞ்சம்தான் வரும். அதை முதலில் சுகர் டியூபுக்கும் கிரியாட்டினின் டியூபுக்கும் விட்டுவிட்டு, மிச்சத்தைக் கல்ச்சர் பாட்டிலில் இறக்குவான். அவனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பன்னிரண்டு மணி நேரமாக நிற்கிற பிள்ளை. ஆனால் மறுநாள் பாட்டிலில் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்து, நீ அதை "தொற்று" என்ற கட்டத்தில் எழுதினால், குடத்து அழுக்குக்கு மெட்ரோ தண்ணீர் லாரியைத் திட்டினது போல ஆகிவிடும்.

பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும், இரண்டு வேறு இடங்களில் குத்தி இரண்டு செட் (ஒரு குத்தலுக்கு இரண்டு பாட்டில்) வேண்டும் என்று நீ எனக்கே பாடம் எடுப்பாய். ஏன் என்பதை வார்டில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெரியவர் உடம்பில் தொற்று முற்றியிருந்தாலும், ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் போகலாம். இரண்டு மில்லி எடுத்தால் அகப்படாது. ரிப்போர்ட் "நோ குரோத்" என்று வரும். நீ அதை நெகட்டிவ் என்று எண்ணுவாய். நோயாளிக்கு மட்டும் காய்ச்சல் இறங்காது.

அதனால் இதைச் செய். ரத்தம் விடுவதற்கு முன் பாட்டிலை எடை போட்டு வை. நிரம்பி வந்ததும் மறுபடி எடை போடு. ரத்தம் ஒரு மில்லி ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கல்ச்சர் மீடியா செய்ய பவுடர் நிறுக்கிற தராசு உங்கள் லேபிலும் இருக்குமே, அது போதும். எத்தனை மில்லி வந்தது என்று ஒரு கட்டம், கையில் குத்தி எடுத்ததா, கழுத்தில் போட்ட குழாயான சென்ட்ரல் லைனில் எடுத்ததா என்று ஒரு கட்டம், ஒரு செட்டா இரண்டா என்று ஒரு கட்டம். இந்த மூன்றும் உன் புரோஃபார்மாவில் (தகவல் படிவத்தில்) இல்லை. இவை இல்லாமல் எது வெளியிலிருந்து கலந்த கன்டாமினன்ட், எது நிஜமான தொற்று என்று எப்படிப் பிரிப்பாய்? ஒரே பாட்டிலில் வந்தால் தோலிலிருந்து வந்ததாக இருக்கலாம். இரண்டு செட்டிலும் அதுவே வந்து, கழுத்தில் லைனும் இருந்தால் கதை வேறு. கன்டாமினேஷன் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. உங்கள் ஐ.சி.யூ.வில் எவ்வளவு என்று கண்டுபிடித்தாலே அது தனியாக ஒரு பேப்பர்.

அடுத்தது மாத்திரை. இது நம் ஏரியாவில் நான் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்த விஷயம். ஹார்பரில் லோடு ஏற்றுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர், யாராக இருந்தாலும் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. காய்ச்சல் என்றால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி, மெடிக்கலில் மூன்று வேளைக்குப் பிரித்துக் கொடுத்த மாத்திரை. ஆன்டிபயாடிக் பலவற்றை 2014-லிருந்து ஹெச்-1 பட்டியலில் வைத்து, சீட்டு இல்லாமல் தரக்கூடாது, யாருக்கு விற்றோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இருக்கிறது. ஐந்தாம் நாள் முடியாமல் பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது ரத்தத்தில் மருந்து ஓடிக்கொண்டிருக்கும், கிருமி பாட்டிலில் வளராது. டைபாய்டெல்லாம் இப்படித்தான் கைநழுவும். அப்புறம் ஒரே ஒரு விடால் டெஸ்டை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஜோசியம் சொல்வார்கள்.

"ஏற்கெனவே ஆன்டிபயாடிக் எடுத்தாரா? ஆம் / இல்லை" என்று நீ போட்டிருக்கிற கேள்வியால் பயன் இல்லை. அவர்களுக்கு அது ஆன்டிபயாடிக் என்று தெரியாது, "செவப்பும் மஞ்சளும் போட்ட கேப்ஸ்யூல்" என்றுதான் தெரியும். லக்னோவிலும் இதே கதைதான் இருக்கும். மாத்திரை பெயரைக் கேட்காதே, அட்டையைக் கேள். ஐ.சி.யூ. வாசலில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருக்கிற அம்மாவிடமோ மனைவியிடமோ கேட்டால், மஞ்சப்பையின் அடியிலிருந்து பாதி கிழித்த அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். போனில் படம் எடுத்துக்கொள். கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்.

எல்லாவற்றுக்கும் வார்டுக்கு ஓடினால் எப்போது படிப்பது என்று உனக்குத் தோன்றும். பழைய விஷயம் இரண்டு சொல்கிறேன்.

1986-இல் இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தது நம் ஊரில்தான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன், அவரிடம் படித்த நிர்மலா செல்லப்பன். நிர்மலா அப்போது உன்னை மாதிரி ஒரு பி.ஜி. மாணவி. அது அவருடைய தீசிஸ் வேலை. பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தானே தேடிப் போய்ப் பேசி, தானே ரத்தம் எடுத்தார். சீரத்தை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் ரயிலேற்றி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய் எலிசா ரத்தப் பரிசோதனை செய்தார். ஆறு சாம்பிள் பாசிட்டிவ். "நம் நாட்டில் அதெல்லாம் இருக்காது" என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. லேபிலேயே உட்கார்ந்து, வருகிற சாம்பிளை மட்டும் பார்த்திருந்தால், அந்த ஆறும் அன்றைக்குக் கண்ணில் பட்டிருக்காது.

இன்னொன்று 1992 கடைசியில் வந்த காலரா. நான் லேப் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வாந்திபேதி என்றால் நம் பக்கத்து ஜனம் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்குத்தான் ஓடும். அந்த வருஷம் மெட்ராஸில் வந்தது பார்வைக்கு அசல் காலராதான்: அரிசி கழுவின தண்ணீர் போன்ற பேதி, காலராக் கிருமியை வளர்க்கிற டி.சி.பி.எஸ். தட்டில் மஞ்சள் காலனி. ஆனால் காலராவை உறுதி செய்கிற ஓ-1 வகை ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினால் திரளவில்லை. ஓ-1 இல்லையென்றால் அது ஊரையே வாரிக்கொண்டு போகிற காலரா இல்லை என்பதுதான் அதுவரை புத்தகத்தில் இருந்தது. லேப் மட்டும் பேசியிருந்தால் "காலரா இல்லை" என்று ரிப்போர்ட் போயிருக்கும். வார்டு வேறு சொன்னது. காலரா அடிக்கடி வருகிற இடத்தில் அதிகம் படுப்பது சின்னப் பிள்ளைகள், பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புசக்தி வந்திருக்கும். இதில் பெரியவர்களே விழுந்தார்கள், அதாவது இந்தக் கிருமியை எந்த உடம்பும் முன்னால் பார்த்ததில்லை. அதுவரை 138 ஓ வகைகள் இருந்தன, இதற்கு 139 என்று நம்பர் போட்டார்கள். வங்கக் கடலோரமாகப் பரவியதால் பெங்கால் என்ற பெயரும் வந்தது. நோயாளியின் வயதையும் பிளேட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அது புதுக் கிருமி என்று புரியும்.

அதனால் உன் அட்டவணையில் அடங்காத கிருமியை "மற்றவை" என்று கடைசி வரியில் தள்ளிவிடாதே. முக்கியமாக மீலியாய்டோசிஸ், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமியால் வருகிற நோய். மழைத் தண்ணீரிலும் சேற்றிலும் நின்ற சர்க்கரை நோயாளி, நிமோனியா அல்லது ஈரலில் கட்டி, ரத்தத்தில் கிராம் ஸ்டெயினில் 'கிராம் நெகட்டிவ்' என்று வருகிற ஒரு கிருமி, ஆக்ஸிடேஸ் சோதனையும் பாசிட்டிவ். அவசரத்தில் "சூடோமோனாஸ் வகை" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். எந்த மருந்துக்கு அடங்குகிறது என்கிற சென்சிடிவிட்டியைப் பார்: ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் வேலை செய்யாது, அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் வேலை செய்யும். சாதாரண சூடோமோனாஸ் இதற்கு நேர் எதிர். இதைக் கண்டுபிடித்தால் நரம்பு வழியாக செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் குறைந்தது இரண்டு வாரம், அப்புறம் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை மாதக்கணக்கில். தவறவிட்டால் போய்விட்டு மறுபடி வருவார், அல்லது வரமாட்டார். எங்கள் காலத்து சீனியர்கள் பிளேட்டைத் திறந்து மோந்து பார்த்தே சூடோமோனாஸ் என்று சொல்வார்கள், திராட்சை வாடை அடிக்கும். அந்த வித்தையெல்லாம் உனக்கு வேண்டாம். மீலியாய்டோசிஸ் கிருமியை மூச்சில் இழுத்தால் உனக்கே வரும். சந்தேகம் வந்த பிளேட்டைப் பாதுகாப்பு கேபினெட்டுக்கு வெளியே திறக்காதே.

சின்ன விஷயங்கள் சில. ஒரே நோயாளியிடமிருந்து அதே கிருமி நாலு தடவை வந்தால் முதலாவதை மட்டும் எண்ணு. இல்லையென்றால் நாள்கணக்கில் படுத்திருக்கிற ஒருவரே உன் ரெசிஸ்டன்ஸ் சதவீதத்தை ஏற்றிவிடுவார். அட்மிஷன் நேரத்தையும் சாம்பிள் நேரத்தையும் எழுது, 48 மணி நேரம்தான் வெளியில் பிடித்த தொற்றையும் ஆஸ்பத்திரியில் பிடித்ததையும் பிரிக்கிற கோடு. 2010-இல் என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ், மெரோபெனம் மாதிரி மருந்துகளை முறிக்கிற என்சைம்) பற்றி லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸில் பேப்பர் வந்தபோது அந்தப் பெயரில் இருந்த டெல்லிக்காகத்தான் எல்லோரும் சண்டை போட்டார்கள். அதில் சென்னை சாம்பிள்கள் 44 இருந்தன. இந்தியாவில் எடுத்ததில் நிறைய, வெளியிலேயே தொற்றி வந்தவர்களுடையது. பயப்பட வேண்டியது அதற்குத்தான். கோலிஸ்டினுக்கு டிஸ்க் வைத்துப் படிக்காதே, மருந்தைப் படிப்படியாக நீர்த்துத் திரவத்தில் பார்க்கிற பிராத் மைக்ரோடைல்யூஷன் செய்ய பட்ஜெட் கேள். உங்கள் ஊரில் மால்டி-டாஃப் மெஷின் இருக்கிறது என்றாய், சந்தோஷம். அது நிமிஷத்தில் கிருமியின் பெயர் சொல்லும். இருந்தாலும் பாட்டில் பாசிட்டிவ் ஆனதும் கிராம் ஸ்டெயின் போட்டு, தெரிந்ததை உடனே வார்டுக்கு போனில் சொல். தீசிஸுக்காக எந்த ரிசல்ட்டையும் பிடித்து வைக்காதே.

ஒப்புதல் படிவம் பற்றி. மிச்ச சாம்பிள்தானே, நோயாளி கையெழுத்து வேண்டாம் என்று எத்திக்ஸ் கமிட்டி விலக்கினாலும், நீ போய் மாத்திரை அட்டையைக் கேட்கப் போகிறாய் அல்லவா, யார் நீ, எதற்குக் கேட்கிறாய் என்று முதலில் சொல்லிவிடு. படிவத்தின் ஹிந்தி வாக்கியங்களை உங்கள் வார்டு ஆயாவிடம் வாசித்துக் காட்டு. அவருக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும். கைநாட்டு வைக்கிறவரிடம் இரண்டு மடங்கு நேரம் செலவு பண்ணு. "உங்களுக்கு இதனால் பணம் செலவாகாது, வேண்டாம் என்றாலும் வைத்தியம் நிற்காது" என்பதை அவர் காதில் விழுகிற மாதிரி வாயால் சொல். பேப்பரில் இருப்பது போதாது.

உன் கைடு இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொன்னால், எல்லா பாட்டிலுக்கும் வேண்டாம், ஒரு ஐ.சி.யூ.வுக்கு மட்டும் செய்கிறேன் என்று கேட்டுப் பார். ஸ்டாஃப் நர்ஸ்களை உன் பக்கம் இழுத்துக்கொள். ராத்திரி பாட்டில் நிரப்புவதைப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான், உன் புரோஃபார்மாவை நிரப்பப் போகிறவர்களும் அவர்கள்தான். அவர்கள் பெயரை நன்றிப் பக்கத்தில் போடு.

எத்திக்ஸ் கமிட்டி தேதி தெரிந்ததும் சொல். திருத்தின புரோஃபார்மாவை எனக்கு ஒன்று அனுப்பு, கடைசி பக்கத்தை மட்டுமாவது பார்க்கிறேன். அம்மா நெத்திலிக் கருவாடு பார்சல் போடட்டுமா என்கிறாள். ஹாஸ்டலே சேர்ந்து உன்னை வெளியே துரத்தும் என்று தடுத்து வைத்திருக்கிறேன். பருப்புப் பொடியும் முறுக்கும் திங்கட்கிழமை கூரியரில் வருகிறது.

இப்படிக்கு,
அப்பா