கொலைக்குக் கட்டாய மரண தண்டனை: 296ஆம் பிரிவில் ஒரு சொல்லை மாற்றுங்கள்

இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் நீதி அமைச்சருக்கும்,

வணக்கம். கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் பல வருடம் சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில் நின்றவன் நான். உரைபெயர்ப்பாளர். நீதிபதி சொல்வதைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அவர் சொல்வதை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது. இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன், அதனால் சேர்க்கிறேன்.

மரண தண்டனையை வாசிக்கும்போது மன்றத்தில் லைட்டை அணைப்பார்கள், ஃபேனையும் நிறுத்துவார்கள். எல்லோரும் எழுந்து நிற்போம். கொழும்புப் புழுக்கத்தில் அந்த இரண்டு நிமிஷம் சட்டத்தரணிமாரின் கழுத்துப் பட்டிக்குள் வியர்வை இறங்குவது தெரியும். அதற்கு முன்னால் ஒரு சம்பிரதாயம் உண்டு. மரண தண்டனை விதிக்காமலிருக்க ஏதாவது காரணம் சொல்ல இருக்கிறதா என்று எதிரியிடம், அதாவது கூண்டில் நிற்பவரிடம், கேட்பார்கள். நான் தமிழில் கேட்பேன். சிலர் அம்மாவைப் பற்றிச் சொல்வார்கள், சிலர் பிள்ளைகளைப் பற்றி. ஒருவர் என்னைப் பார்த்து "நீங்களே ஏதாவது சொல்லுங்க ஐயா" என்றார். என்ன சொன்னாலும் பதிவாகும், தண்டனை மாறாது. கொலைக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதிக்கப்படுதல் 'வேண்டும்' என்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு. 1883இல் எழுதியது. நீதிபதி கேட்பார், ஆனால் கேட்டதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு வழக்கு மனதை விட்டுப் போகவில்லை. கத்தியால் குத்தியவன் ஒருவன், ஓட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தவன் இன்னொருவன். ஓட்டி வந்தவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பொது எண்ணம் என்ற 32ஆம் பிரிவின்படி இருவரும் ஒரே கணக்கு, ஒரே தண்டனை. 'சாகும்வரை தூக்கிலிட' என்பதை இரண்டு தரம் மொழிபெயர்த்தேன். ஃபேன் மறுபடி சுற்றத் தொடங்கியது. சிறைக்காவலர் கையைப் பிடித்ததும் அந்தப் பையன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, எத்தன வருசம்?"

சிரிப்பதா அழுவதா? ஆனால் கேள்வி சரியான கேள்விதான். 1976 ஜூன் 23க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிட்டதில்லை. அது அவனுக்குத் தெரியும், நீதிபதிக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நடக்காது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை லைட்டை அணைத்துவிட்டு வாசிக்கிறோம். உண்மையான தண்டனை எத்தனை வருடம் என்பதை அந்த மன்றத்தில் இருந்த ஒருவராலும் சொல்ல முடியாது. அது பிறகு, வேறோர் இடத்தில், ஜனாதிபதியின் பேனாவில் தீர்மானமாகும்.

அந்தப் பேனா எப்படி ஓடும் என்று பார்த்திருக்கிறோம். மிருசுவிலில் 2000 டிசம்பரில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் இராணுவச் சிப்பாய் ஒருவருக்கு 2015இல் கொழும்பில் மரண தண்டனை விதித்தார்கள். நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் பொதுமன்னிப்பில் வெளியே வந்துவிட்டார். 2019 ஜூனில் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடக் கையெழுத்திட்டதாக அறிவித்த ஜனாதிபதி, அதே வருடம் நவம்பரில் கொழும்பு ராயல் பார்க் அடுக்குமாடியில் நடந்த கொலையின் குற்றவாளிக்கு மன்னிப்புக் கொடுத்தார். தூக்கை உயர் நீதிமன்றம் ஜூலையிலேயே நிறுத்தியது. மன்னிப்பு செல்லாது என்று அதே நீதிமன்றம் சொன்னது 2024இல். கொல்லப்பட்டவரின் குடும்பத்தார் எந்தத் தீர்ப்பை நம்புவது?

இன்னொரு சங்கடம், சட்டத்தரணிமாருக்கு நன்றாகத் தெரிந்தது. 297ஆம் பிரிவில் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு, அதாவது திடீர்க் கோபத்தில் கொன்றது போன்றவற்றுக்கு, 20 வருடம் வரை கொடுக்கலாம். அதிலிருந்து ஒரு படி மேலே போனால் நேரே தூக்கு. நடுவில் படியே இல்லை. அதனால் பல வழக்குகளில் உள்ளே உண்மையில் என்ன நடந்தது என்பதை விட, திடீர்க் கோபமா இல்லையா என்ற பேரம்தான் பெரிதாகிறது. வருடக்கணக்காக அடி வாங்கிய மனைவி, ஆத்திரம் ஆறிய அடுத்த நாள் புருஷனைக் கொன்றிருந்தால், அவளையும் கூலிக்குச் சுட்டவனையும் 296 ஒரே தட்டில் வைக்கும்.

நீதிமன்றமே இதைச் சரிசெய்யட்டுமே என்று சொல்லாதீர்கள். இந்தியாவில் கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் என்று நீதிபதி தெரிவு செய்யலாம். ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயத் தூக்கு என்றிருந்த பிரிவையும் 1983இல் அங்கே உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. இங்கே அரசியலமைப்பின் 16(1)ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் பழைய சட்டம் செல்லும் என்று கதவைச் சாத்தியிருக்கிறது. சாவி உங்களிடம் மட்டும்தான்.

தூக்கே வேண்டாம் என்பது என் கட்சி. அது பெரிய சண்டை, ஒவ்வொரு கொடூரக் கொலைக்குப் பிறகும் கயிறு கேட்டு ஊரே கத்தும். சரி, அந்தச் சண்டை நடக்கட்டும். அதுவரைக்கும் 'விதிக்கப்படுதல் வேண்டும்' என்பதை 'விதிக்கப்படலாம்' ஆக்குங்கள். பக்கத்தில் வருடக் கணக்கையும் எழுதுங்கள், நீதிபதி திறந்த மன்றத்தில் காரணம் சொல்லி அதைத் தீர்மானிக்கட்டும். ஏற்கெனவே வெலிக்கடைச் சிறையில் இருப்பவர்களின் தண்டனையையும் மறுபடி பார்க்க வேண்டும். மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, பழைய கைதிகளும் தண்டனையை மறுபரிசீலனைக்குக் கொண்டுபோக வழி செய்தது. எங்களுடையதைப் போலவே பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன சட்டம்தான் அதுவும்.

சொல் முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரதமர் பண்டாரநாயக்க கொலைக்குப் பிறகு 1959இல் அவசர அவசரமாகத் தூக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொலை என்று எழுதியவர்கள் கொலைச் சதியைச் சேர்க்க மறந்தார்கள். சதி செய்த இருவருக்கும் ஆயுள் தண்டனையானது, சுட்டவர் மட்டும் 1962இல் தூக்கில் போனார்.

ஆகவே சட்டமூலம் வரும்போது தமிழ்ப் பிரதியைச் சரிபார்க்க ஆள் தேவையென்றால் கூப்பிடுங்கள், காசு வேண்டாம். 'வேண்டும்' போய் 'லாம்' வந்திருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13