மாரிக்கு முன்னம் கோழிக்கூடு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கோழிக்கூட்டை நாலு பக்கமும் தரப்பாளால் மூடி, உள்ளே ஒரு பல்பும் கொளுவப்போவதாக எழுதியிருந்தாய். தரப்பாளை வாங்கு. ஆனால் நாலு பக்கமும் மூடாதே.

குளிரால் மட்டும் கோழி சாவது குறைவு. அதன் உடம்புச் சூடு 41 பாகை அளவில் இருக்கும். இறகைச் சிலிர்த்து அதற்குள் காற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினால், பனி கொட்டுகிற தேசத்திலும் இரவைக் கடத்திவிடும். கனடாப் பக்கம் வளர்க்கிறவர்களும் கூட்டின் மேல்மட்டத்தில் காற்றுப் போக வழி விட்டுத்தான் கட்டுகிறார்கள். இறுக மூடினால் மூச்சின் ஈரமும் எச்சத்தின் ஈரமும் உள்ளேயே நின்று, உறைபனியில் கொண்டை நுனி கறுத்துப்போகும். நமக்கு உறைபனி இல்லை. மாரி இரவு 22, 23 பாகையைவிடக் கீழே போவதே அரிது. ஆனால் நனைந்த கோழிக்கு அந்த 23 பாகையே பொல்லாதது. இறகு ஒட்டிப்போனால் உள்ளே காற்று நிற்காது. வாடை அடிக்க அடிக்க உடம்புச் சூடு இறங்கும். ஆகவே கூட்டில் நீ பார்க்கவேண்டியது மூன்று: மழை உள்ளே வரக்கூடாது, காற்று கோழியில் நேரே அடிக்கக்கூடாது, உள்ளேயிருக்கிற ஈரக்காற்று வெளியே போகவேண்டும்.

திருக்கோவிலில் உங்களுக்கு மணல் நிலம். எங்கட படுவான்கரைக் களிமண் மாதிரி நாள்கணக்காகத் தண்ணி நிற்காது. ஆனால் கடல் பக்கத்தில் இருப்பதால் வடகீழ்க் காற்று தடையில்லாமல் வரும். எனவே வடக்கையும் கிழக்கையும் அடியிலிருந்து மேல்வரை தரப்பாளாலோ, இரண்டு அடுக்குக் கிடுகாலோ மறை. தெற்கும் மேற்கும் கீழே ஒன்றரை அடிக்குப் பலகை, அதற்கு மேலே கம்பி வலை மட்டும். கூரைக்குக் கீழே அந்தப் பக்கத்தில் ஆறு அங்குலம் எந்த மழையிலும் திறந்தே இருக்கவேண்டும். சூடான ஈரக்காற்று மேலே எழும்பி அதால்தான் வெளியேறும். வலை அரை அங்குலக் கண்ணாக இருக்கட்டும். ஒரு அங்குலக் கண்ணுக்குள் சின்னப் பாம்பு நுழைந்துவிடும். வெள்ளம் வந்தால் பாம்பும் மேட்டு இடம்தான் தேடும்.

கூரைத் தகரம் சுவரைத் தாண்டி இரண்டு அடியாவது நீண்டு நிற்கவேண்டும். ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்கச் சொல்லு, பள்ளத்தில் வேண்டாம். பள்ளத்தில் அடித்த ஆணி ஒவ்வொன்றும் ஒரு ஒழுக்கு. நாலு மூலைக் கம்பத்தையும் கூரை வளையோடு கம்பியால் முறுக்கிக் கட்டவேண்டும். 1978 நவம்பர்ச் சூறாவளி பற்றி மருமகனின் பெரியாக்களிடம் கேட்டால் ஏன் என்று சொல்வார்கள்.

உன்னிடம் பன்னிரண்டு கோழி. ஆறடிக்கு நாலடிக் கூடு இரவு படுக்கப் போதும், ஏனென்றால் கோடையில் அதுகள் பகல் முழுக்க வளவில்தானே. அடைமழையில் மூன்று நாள் உள்ளேயே நின்றால் போதாது. ஒன்றையொன்று கொத்தும், எச்சமும் நிலத்தில் குவியும். கூட்டை ஒட்டி ஆறடிக்கு எட்டடி ஒரு தாழ்வாரம் இறக்கு. மேலே தகரம், பக்கமெல்லாம் வலை. நிலத்தைச் சுற்றுப்புறத்தைவிட ஒரு அடி மணல் போட்டு உயர்த்து. அதில் ஒரு மூலையில் பழைய தாச்சி ஒன்றில் காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் பாதிக்குப் பாதி கலந்து வை. மாரியில் குளிக்கப் புழுதி கிடைக்காமல்தான் பேன் பெருகுகிறது. செட்டைக்குக் கீழேயும் பின்பக்கத்திலும் இறகை விலக்கிப் பார்த்தால் தெரியும்.

படுக்கும் கம்பு இரண்டு அங்குல அகலம், விளிம்பு மழுங்கியதாக. மெல்லிய கம்பென்றால் விரல் வெளியே நிற்கும். அகலமென்றால் குந்தும்போது வயிற்று இறகு காலை மூடும். ஒரு கோழிக்குப் பத்து அங்குலம் கணக்கு. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வை. காற்று மறைப்பு இல்லாத பக்கத்தில் வைக்காதே.

இனி உமி. இதில்தான் பலரும் கோட்டை விடுவது. சிறுபோக நெல் குற்றும் காலத்திலேயே ஆலையில் காய்ந்த உமியாக எட்டு, பத்து மூட்டை எடுத்து, நனையாத இடத்தில் அடுக்கி வை. மாரியில் போய் ஆலை வாசலில் நனைந்து கிடக்கிற குவியலை அள்ளாதே. அதில் பூஞ்சணம் பிடித்திருக்கும். குஞ்சு அந்தத் தூளை இழுத்தால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், மருந்துக்குக் கேட்காது. தரையில் நாலு அங்குலம் பரப்பி, கிழமைக்கு இரண்டு தடவை கிளறு. ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது. தண்ணிப் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டிபட்டதை அன்றன்றே அள்ளி வாழைக்குப் போட்டு, புதுசு போடு. நீற்றின சுண்ணாம்பு தூவுவதென்றால் கோழி வெளியே நிற்கும்போது மெல்லிசாகத் தூவிக் கிளறி, காற்றாட விடு. சுண்ணாம்பு பட்டதும் எச்சத்திலுள்ள அமோனியா முதலில் கிளம்பும். நீறாத சுண்ணாம்பு காலைப் புண்ணாக்கும், தொடாதே.

விடியக் கூட்டைத் திறந்ததும் குந்தி, கோழி நிற்கிற உயரத்தில் முகத்தை வைத்துப் பார். கண் கரித்தால் இரவு முழுக்க அதுகளுக்கும் அதே கரிப்புத்தான். சளி அங்கேயிருந்துதான் தொடங்கும்.

தீன் கணக்கு: வளர்ந்த கோழிக்கு நாளுக்கு 110 கிராம் அளவு, பன்னிரண்டுக்கும் 1.3 கிலோ. கோடையில் பாதியை அதுகளே கிளறித் தின்னும். மழையில் முழுதும் உன் கையால்தான். பொழுதுபட ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் ஆளுக்கு 25 கிராம் நெல்லோ சோளனோ எறி. இரவு அது செமிக்கும்போது உடம்பு சூடாகும். தீன் மூட்டையைப் பத்து நாளுக்கு மேல் வாங்கி வைக்காதே, நிலத்தில் வைக்காதே. பூஞ்சணம் பிடித்த சோளனும் கடலைப் புண்ணாக்கும் ஈரலைக் கெடுக்கும், வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. மட்டி ஓட்டை இடித்துத் தனிச் சட்டியில் வை.

மழைதானே என்று தண்ணி வைக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்! கோழி குட்டையில்தான் குடிக்கும், பூச்சியும் இரத்தக் கழிச்சலும் அதால் வரும். நாளுக்கு மூன்று லீற்றர் சுத்தமான தண்ணி, இரண்டு செங்கல்லுக்கு மேலே வைத்துக் கொடு.

முட்டை குறைவதற்குப் பயப்படாதே. குளிர் தேசங்களில் பகல் எட்டு, ஒன்பது மணித்தியாலமாகச் சுருங்குவதால் கோழி முட்டையை நிறுத்தும். நமக்கு வருசம் முழுக்கப் பகல் ஒரு மணித்தியாலம்கூட மாறாது. இங்கே குறைவது இறகு உதிர்ப்பாலும் தீன் போதாமையாலும். முட்டைக்காக இரவெல்லாம் பல்பு எரியவேண்டியதில்லை.

பல்பு குஞ்சுக்குத்தான். ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய அடை வைக்காமல் விடுவது நல்லது. வைத்துப் பொரித்துவிட்டால், மூன்றடி வட்டத்துக்குத் தகரம் வளைத்து, 60 வாற்றுக் குண்டு பல்பு ஒன்றை ஒரு அடி உயரத்தில் தொங்கவிடு. எல்ஈடி பல்பில் சூடு இல்லை. முதற் கிழமை குஞ்சு நிற்கிற மட்டத்தில் 33 பாகை, பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறை. வெப்பமானி இல்லையென்றால் குஞ்சைப் பார்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், விலகிச் செட்டையை விரித்தால் சூடு, எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கேயோ காற்று நுழைகிறது. கரண்ட் போனால் சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி நடுவில் வை. மூடிய இடத்தில் சிரட்டைக்கரி மூட்டாதே, அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் நிற்கிற ஆளையும் கொல்லும்.

மூன்று கிழமைக்கு மேற்பட்ட குஞ்சு இறகு சிலிர்த்துத் தூங்கி, எச்சத்தில் இரத்தம் கண்டால் அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போ. இரத்தக் கழிச்சலுக்கான அம்புரோலியம் மருந்து தருவார்கள். அந்த நாட்களில் பி1 சேர்ந்த விற்றமின் தண்ணியில் கலக்காதே, மருந்தின் வேலையை அது குறைத்துவிடும். ராணிக்கெட் நோய்க்கான ஊசியும் அம்மைத் தடுப்பும் மழைக்கு முன்னமே, சுகமாயிருக்கிற கோழிக்குப் போடுவது. நுளம்பு பெருகின பிறகு அம்மைக்கு ஓடுவது பிந்தின ஓட்டம். அம்மை மருந்தைச் செட்டைச் சவ்வில் குத்தி ஒரு கிழமை, பத்து நாளில் அந்த இடத்தில் சின்னத் தடிப்பு இருக்கவேண்டும். இல்லையென்றால் மருந்து பிடிக்கவில்லை, திரும்பக் குத்தச் சொல்லு. மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டு வா.

இப்போது புரட்டாதி கடைசி. கூரையை இந்தக் கிழமையே பார்க்கச் சொல்லு, வலை பிறகு அடிக்கலாம். அங்கே உமி கிடைக்காவிட்டால் உடனே அறிவி, மூட்டையைக் கல்முனைவரை அனுப்பிவிடுகிறோம், மருமகன் அங்கே வந்து எடுக்கட்டும்.

அன்புடன்,
அம்மா