தாளம் தவறும் டிரம் பேடைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையவழி விற்பனைப் பிரிவு.

நாள்: 09.02.2026

பொருள்: குறைபாடுள்ள கம்பியில்லா டிரம் பேடைத் திரும்பப் பெற்று, முழுத் தொகையையும் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் இணையதளத்தில் 9,490 ரூபாய் செலுத்தி நான் வாங்கிய இசைக்குழு விளையாட்டுத் தொகுப்பு 09.01.2026 அன்று என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் இரண்டு மைக்குகளும், நான்கு தட்டுகள் கொண்ட கம்பியில்லா டிரம் பேடு ஒன்றும் இருந்தன. பாட்டின் தாளத்துக்குச் சரியாகப் பேடைத் தட்டினால் திரையில் மதிப்பெண் ஏற வேண்டும். மைக்குகளைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. என் புகார் முழுவதும் டிரம் பேடைப் பற்றியது.

காணும் பொங்கலன்று நண்பர்கள் அறுவர் என் வீட்டில் கூடி, இருவர் பாட ஒருவர் டிரம் தட்ட என்று முறை வைத்து விளையாடத் தொடங்கினோம். பாடியவர்களுக்கு மதிப்பெண் ஒழுங்காக ஏறியது. டிரம் தட்டியவர்களுக்கோ, சரியாகத் தட்டியும் பாதி அடிகள் தவறு என்றே திரையில் காட்டப்பட்டன. முதலில் எங்கள் கைகளின் மீதே பழியைப் போட்டுக்கொண்டோம். ஆனால் எங்களுள் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாகத் தெருக்கூத்துக்கு மிருதங்கம் வாசிப்பவர். விடிய விடிய வாசித்தாலும் காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) பிசகாதவர். அவர் பெற்றது 41 விழுக்காடு. அவருக்குப் பின் உட்கார்ந்து, பாட்டைக் கேட்காமலேயே கண்டபடி தட்டிய என் அக்காவின் ஏழு வயது மகள் பெற்றது 44. அன்று எல்லோரும் சிரித்தோம் என்பதை மறைக்கவில்லை. நண்பர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே, அதாவது 18.01.2026 அன்று, பொருளை மாற்றிக்கொள்ளத் தாங்கள் அளிக்கும் பத்து நாள் மாற்றுக் காலம் முடிவதற்குள், தங்களுக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். ஆறு நாட்கள் கழித்து 24.01.2026 அன்று வந்த பதிலில், படம் தோன்றும் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடுக்கு டிவியை மாற்றுமாறும், விளையாட்டின் அமைப்பில் உள்ள தாமதச் சரிக்கட்டலைச் செய்யுமாறும், ‘தொடர்ந்து பயிற்சி செய்தால் மதிப்பெண் உயரும்’ என்றும் எழுதியிருந்தீர்கள். கடைசி அறிவுரையை மிருதங்க நண்பரிடம் இன்றுவரை நான் காட்டவில்லை.

முதல் இரண்டையும் செய்து பார்த்தோம், பயனில்லை. அதன் காரணத்தைத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். டிவியில் படம் தோன்றுவதில் ஏற்படும் தாமதம் பெரும்பாலும் மாறாத அளவுடையது. எவ்வளவு என்று தெரிந்தால் விளையாட்டு அதைக் கழித்துக்கொள்ளும். அடிக்கு அடி மாறும் தாமதத்தை எந்தச் சரிக்கட்டலாலும் கழிக்க இயலாது. ஆகவே விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைபேசியால் கையையும் திரையையும் ஒரே காட்சியில் பதிவு செய்து, படங்களை ஒவ்வொன்றாக எண்ணினோம். பெங்களூரில் பணிபுரியும் நண்பர் வைத்திருக்கும், 2007-இல் வெளிவந்த ராக் பேண்ட் விளையாட்டின் கம்பியுள்ள டிரம்மை, அதன் விளையாட்டுக் கருவி வழியாக அதே டிவியில் இணைத்து இருபது முறை தட்டியபோது, தாமதம் 70 முதல் 80 மில்லி விநாடிக்குள்ளேயே நின்றது. தங்கள் பேடை, புது மின்கலம் போட்டு, ஓரடி தொலைவில் வைத்துத் தட்டியபோது, அது 90-க்கும் 230-க்கும் இடையே மனம்போனபடி மாறியது. நிமிடத்துக்கு 120 தாளத் தட்டுகள் செல்லும் பாட்டில் ஒரு தட்டுக்கு 500 மில்லி விநாடி; ஒரு தட்டுக்குள் நான்கு அடிகள் வரும்போது அடிக்கு அடி உள்ள இடைவெளி அதில் கால் பங்கு, அதாவது 125. பேடின் தடுமாற்றம் மட்டுமே (230-இல் 90 போக) 140 எனும்போது, வாசிப்பவர் யாராக இருந்தாலும் அடி அடுத்த இடத்தில் போய் விழத்தான் செய்யும். டிவியின் மீதோ எங்கள் மீதோ குற்றமில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை என்று கருதுகிறேன்.

‘சுருதி மாதா, லயம் பிதா’ என்பார்கள். லயம், அதாவது தாள ஒழுங்கு, பிசகும் டிரம் பேடை, ஓரத்தில் கீறல் விழுந்த பொருளைப் போலச் சிறு குறையுள்ளதாகக் கருத முடியாது. எந்த ஒரு வேலைக்காக வாங்கினோமோ அந்த வேலைக்கே அது உதவாது.

இப்பதிவுகளை 26.01.2026 அன்று அனுப்பினேன். அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், மாற்றுக் காலம் முடிந்துவிட்டது என்றும், கிருஷ்ணகிரி திரும்பப் பெறும் சேவை இல்லாத பகுதி என்றும், பொருளை என் செலவில் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும் என்றும் 02.02.2026 அன்று பதில் எழுதினீர்கள். புகார் உரிய காலத்துக்குள் அளிக்கப்பட்டது. காலம் கடந்தது தங்கள் பதிலால். தேசிய நெடுஞ்சாலைகள் பல வந்து கூடும் இவ்வூருக்குப் பொருளைக் கொண்டுவரத் தெரிந்த கூரியருக்கு, அதே வழியில் எடுத்துச் செல்வது எப்படி இயலாமல் போகும் என்பதும் விளங்கவில்லை.

இணையவழி வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்ப்பது குறைதீர் அலுவலரின் கடமை. முதற்கெடு கடந்துவிட்டது, இரண்டாவது 18.02.2026 அன்று முடிகிறது. அதற்குள் தங்கள் செலவில் தொகுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 9,490 ரூபாயை நான் பணம் செலுத்திய வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே வகைப் பேடை மாற்றித் தருவதை நான் ஏற்கப்போவதில்லை. தள்ளுபடிக் கூப்பனும் வேண்டாம். தவறினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர இடமளிப்பதால், கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். தொகுப்பு அதன் பெட்டியிலேயே, பேடின் மின்கலம் நீக்கப்பட்டு, எடுத்துச் செல்லத் தயாராக இருக்கிறது.

இணைப்பு: விலைப்பட்டியல், மின்னஞ்சல் நகல்கள், காணொளிப் பதிவுகள் அடங்கிய பென் டிரைவ்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்