மலிவுப் பணமும் வங்கிக் கணக்கும்

ஆசிரியருக்கு,

மத்திய வங்கி தாராளமாகப் பணம் விட்டாலே ‘நோட்டு அடித்துத் தள்ளுகிறார்கள்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். சந்தையில் அரசுக் கடன்பத்திரங்களை மத்திய வங்கி வாங்கும்போது, வணிக வங்கிகள் அதனிடம் வைத்திருக்கும் கணக்கில் தொகை வரவாகிறது, அவ்வளவுதான். பத்திரத்தின் விலை ஏறும். அதன் வருவாய் விகிதம் இறங்கும். கணக்கில் ஏறிய பணம் தானாகக் கடைத்தெருவுக்கு வராது. கடன் கேட்க ஆளும், கொடுக்க வங்கிக்குத் துணிவும் வேண்டும்.

அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வைத்திருந்த சொத்து, 2008 நெருக்கடிக்கு முன் சுமார் 90,000 கோடி டாலர். இப்படிப் பத்திரம் வாங்கி வாங்கி, 2014 முடிவில் 4.5 லட்சம் கோடி. பலர் பயமுறுத்திய விலைவாசி உயர்வு அப்போது வரவில்லை. 2020-க்குப் பிறகுதான் வந்தது. 2022 ஜூனில் 9.1 சதவீதம். இம்முறை அரசே மக்கள் கையில் நேரடியாகப் பணம் கொடுத்தது. சரக்கு வரத்தும் தடைபட்டிருந்தது.

என் கவலை வேறு. வட்டி அடிமட்டத்தில் இருக்கும்போது வங்கிகள் வாங்கிய பத்தாண்டுப் பத்திரம், வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறினால் ஏறக்குறைய 8, 9 சதவீதம் மதிப்பிழக்கும். முதிர்வுவரை வைத்திருந்தால் நட்டம் கணக்கில் தெரியாது. வைப்பாளர்கள் திரண்டு வந்து பணம் கேட்டால் நட்டத்துக்கு விற்றாக வேண்டும். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கி விழுந்தது இப்படித்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்