குற்றச் செய்திகளில் ஆங்கிலச் சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போட்டித் தேர்வு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், நாளிதழ்களின் குற்றச் செய்திகளையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன். ‘தெஃப்ட்’, ‘ராபரி’, ‘டெகாய்ட்டி’ மூன்றையும் அவர்கள் ‘திருட்டு’ என்றே எழுதுகிறார்கள். ஆனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின்படி, வன்முறையோ உடனடி அச்சுறுத்தலோ சேரும்போதுதான் திருட்டு ‘ராபரி’ ஆகிறது. அதையே ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிச் செய்தால் ‘டெகாய்ட்டி’. விபத்துச் செய்திகளில் வரும் ‘கேஷுவல்டி’ என்ற சொல்லில் இறந்தோருடன் காயமுற்றோரும் அடங்குவர்.

இவற்றைவிட என்னை வருத்துவது, ‘அக்யூஸ்ட்’ என்பதைக் ‘குற்றவாளி’ என்று மொழிபெயர்ப்பதுதான். நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. இத்தகைய சொற்களை விளக்கும் சிறு பகுதியொன்றைத் தங்கள் நாளிதழில் வாரந்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.

– ஆங்கில ஆசிரியர் ஒருவர், மதுரை